பாம்பு கடிக்காத எஸ்தர்

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒரு நர்சிங் பயிற்சி. அவ்வளவுதான். நீங்கள் பட்டம் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூட நர்ஸாக வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் அடுத்து வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் போகிறீர்கள். உங்களுக்கு நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. முதலில் உங்கள் கூட்டத்தில் பேசத்தான் கூப்பிட்டார்கள். முடியாதுங்க என்றேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடை பார்ப்பது, கண் பரிசோதிப்பது, பூச்சி மாத்திரை கொடுப்பது இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது மாதிரி வகுப்பு ஒன்றைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சிங்காநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸாக இருந்தேன். வீட்டுக்காரர் லேத் பட்டறைக்குப் பகலில் போவார், நான் ராத்திரி போவேன். மகளுக்கு நான்கு வயது. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் அவளிடம், "உங்கம்மா என்ன வேல பாக்கறாங்க கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். "தூங்கறாங்க" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் பார்த்த அம்மா எப்போதும் போர்வைக்குள் கிடந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அறக்கட்டளை, தான் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு நர்ஸ் வேண்டும் என்று ஆள் எடுத்தது. கோயமுத்தூரில் சில மாதம் பயிற்சி. முடித்தால் பகல் வேலை. காலை மணி அடிக்கும்போது போய், சாயங்காலம் பிள்ளைகளோடு வீடு திரும்பலாம். ஆனால் அந்த வேலையில் மருந்து பாதி, பாடம் பாதி. அதனால் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துத் தேற வேண்டும். இரண்டு வாய்ப்புத்தான். இரண்டிலும் தவறினால் பழைய வேலைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

முதல் வாய்ப்பை நான் எப்படி விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஒரு ஆரம்பப் பள்ளி. பாடம், கை கழுவுவது. நான் உள்ளே போய் "வணக்கமுங்க" என்றேன். பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். திரும்பிப் பார்த்தால் அத்தனை பிள்ளைகளும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள், நான் உட்காரச் சொல்லவில்லை. சொன்னேன், முதல் வரிசைக்கே கேட்கவில்லை. எனக்கு அதுவரை பழக்கமெல்லாம் ஒரே ஒரு நோயாளியின் காதருகே குனிந்து பேசுவதுதான். அதுவும் தூங்குகிற வார்டில். வேறு வழி தோன்றாமல் முதல் வரிசையின் முதல் பிள்ளையிடம் போனேன். குனிந்து, கை கழுவும் பாடம் முழுவதையும் அந்தப் பிள்ளையின் காதில் சொன்னேன். அப்புறம் அடுத்த பிள்ளை. அப்புறம் அதற்கடுத்தது. கட்டில் கட்டிலாகப் போவது மாதிரி. முதல் வரிசை முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

எங்கள் டியூட்டர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், நர்ஸ்களை ஆசிரியர்களாக மாற்றுவதே அவர் வேலை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே வந்ததும், "இது வார்டு இல்லம்மா, கிளாஸு. அந்தப் பசங்க கால் வலிக்க நின்னது மட்டும்தான் இன்னிக்கு நடந்த பாடம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே, "உன் குரல் போகாதுன்னா விட்டுடு. பசங்க குரல் போகும் இல்ல? நீ கேளு, அவங்க சொல்லட்டும். கோரஸா சொல்ல வை" என்றார்.

இந்த யோசனை நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனைதான். பின்னால் நடந்ததற்கு அதைக் குறை சொல்லாதீர்கள்.

பயிற்சியில் என் ஜோடி எஸ்தர். மேட்டுப்பாளையத்துக்காரி. அவள் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை இறக்கியவர், மகளுக்கும் மண்டிக் குரல். சின்ன வயதிலிருந்தே சர்ச் நாடகங்களில் நடித்தவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள், குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவாக வந்து நின்றதில் முன்வரிசைப் பிள்ளைகள் பயந்து அழுதுவிட்டார்களாம். அவள் முதல் வாய்ப்பிலேயே தேறிவிட்டாள். என் இரண்டாவது வாய்ப்பில் நோயாளியாக நடிக்கத் தானே வருகிறேன் என்று சொன்னாள்.

"நீ கேள்வி மட்டும் கேளுடி. மிச்சத்த நான் பாத்துக்கறேன். செத்துப் போற மாதிரி நடிக்கோணுமா, சொல்லு."

"சாக வேண்டாம். மயக்கம் போதும்."

"சரி, மயக்கம். ஆனா நல்லா மயங்குவேன்."

டியூட்டர் அம்மாவிடம் ஒரு விதி இருந்தது. நடிக்கிற நோயாளி பாதியில் சிரித்தாலோ கண்ணைத் திறந்தாலோ, மதிப்பெண் குறைவது பாடம் எடுப்பவருக்குத்தான். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி வலிப்பு வந்ததாக நடிக்கும்போது கிச்சுகிச்சு தாங்காமல் சிரித்துவிட, பாடம் எடுத்தவள் மதிப்பெண் பாதி போய்விட்டது. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டெறும்பு கடிச்சாலும் அசைய மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பயிற்சியின் கடைசி வாரம் தாராபுரத்தில் ஒரு விடுதியில் எங்களைத் தங்க வைத்து, சுற்றியிருக்கிற கிராமப் பள்ளிகளுக்கு ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள். எனக்குக் கொடுத்த பாடம், பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. டியூட்டர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் அடுத்த பஸ்ல வருவேன். பின்னாடி வந்து நிப்பேன். நீ எழுந்துக்க வேணாம், வணக்கம் சொல்ல வேணாம். நான் வந்ததே தெரியாத மாதிரி நீ பாட்டுக்கு நடத்து."

அந்த ஊர்ப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பு. இன்னொருவர் ஹெட் மாஸ்டர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க. நீங்க ரெண்டு பேர் இருக்கறீங்கல்ல, நான் ஆபீஸ் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேனுங்க. நெம்ப நாளா போகோணும் போகோணும்னு இருந்தேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் என்று நாங்கள் இருவரும், பின்பக்கம் சமையல் கூடத்தில் சத்துணவு ஆயாம்மாவும்தான்.

வகுப்பறையில் ஒரு பக்கம் அடித்த சுண்ணாம்பு காயாததால் வெளி வாசலில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். கிட்டப் போய்ப் பதில்களை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். எஸ்தர் சிவப்பு மசிப் பேனாவால் கணுக்காலில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டாள். வாசலின் ஓரத்திலிருந்து நடந்து வந்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம். காலைப் பிடித்துக்கொண்டு, சுற்றி ஒரு தடவை பார்த்து, சரிந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் மண் பறந்தது. முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டான்.

நான் மெல்லக் கேட்டேன்: "இந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?"

கோரஸ் வந்தது: "பாம்பு கடிச்சுருச்சுங்க."

"வாயில உறிஞ்சலாமா? கத்தியில கீறலாமா?"

"கூடாதுங்க."

"நடக்க வெக்கலாமா?"

"கூடாதுங்க. தூக்கீட்டுத்தான் போகோணும்."

"மந்திரிக்கிறவருகிட்டப் போலாமா?"

"கூடாதுங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

என் கேள்வி மூன்றாவது வரிசை வரைக்கும் போயிருக்கும். பதில் சோளக்காட்டைத் தாண்டிப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வகுப்பு என் கையில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப நாம உடனே யாரக் கூப்பிடோணும்?"

"பெரியவங்களங்க" என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. செல்வி என்று ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி, எழுந்து ஓடினாள். அவளோடு நான்கைந்து பேர் ஓடினார்கள். நான் "நில்லு கண்ணு" என்றேன். என் குரலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

முதலில் வந்தது சத்துணவு ஆயாம்மா, கையில் சாம்பார்க் கரண்டியோடு. கோரஸ் அவருக்கு முன்பே கேட்டுவிட்டது. கீழே கிடக்கும் எஸ்தரைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு, "அய்யோ சாமி, இந்த வெள்ளச்சீலை அம்மணிக்கு இப்படி ஆகிப்போச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டார். அவர் பின்னாலேயே காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். கடைசியில், தோட்டத்துக்காரர். அந்த ஊரில் பெரிய தோட்டம் அவருடையது. அம்பாசிடர் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கனத்த குரல்.

"எப்பங்க கடிச்சுது?" என்றார்.

நான் முன்னால் போய், "ஏனுங்க, இது பாடமுங்க. பாம்பு எல்லாம் கடிக்கலீங்க" என்றேன்.

அவர் குனிந்து எஸ்தரின் கணுக்காலைப் பார்த்தார். "அப்படித்தானுங்க தோணும். பல்லுப் பட்ட தடம் சிறுசாத்தான் இருக்கும். இதோ பாருங்க, ரெண்டு புள்ளி. நீங்க பதறாதீங்க அம்மணி. நாங்க இருக்கறமுல்ல."

கூட்டத்தில் ஒரு கிழவர், பக்கத்து ஊரில் நன்றாக மந்திரிக்கிற ஆள் இருப்பதாகச் சொன்னார். உடனே என் வகுப்பு முழுவதும் அவர் பக்கம் திரும்பி, "மந்திரிக்கக் கூடாதுங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்" என்று ஒரே குரலில் சொன்னது. கிழவர் பின்வாங்கிவிட்டார். ஒரு பெண் எஸ்தரை எழுப்பி நடக்க வைக்கப் பார்த்தாள். "நடக்க வெக்கக் கூடாதுங்க, தூக்கீட்டுத்தான் போகோணும்" என்று அதற்கும் கோரஸ். நான் பாடம் நடத்தி முடித்த சில நிமிடங்களில் அந்த ஊர் அதை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. நான் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

நான் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து, காதில், "எஸ்தர், எந்திரி. எஸ்தர்" என்றேன். அசையவில்லை. தோளைத் தட்டினேன். அசையவில்லை. கடைசியில் கையில் நறுக்கென்று கிள்ளினேன். இமைகூட ஆடவில்லை.

இதில் இருக்கும் சங்கடம் நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். மயங்கிக் கிடப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தோளைத் தட்ட வேண்டும், கிள்ளிப் பார்க்க வேண்டும். நாங்கள் பயிற்சியில் படித்தது அதுதான். எஸ்தரும் அதையே படித்தவள். நான் அவளை எழுப்பச் செய்த ஒவ்வொன்றும், பாடத்தை நான் முறைப்படி நடத்திக்கொண்டு போகிறேன் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது. கனத்த குரலில் யாரோ அதிகாரமாகப் பேசுவது கேட்டது. டியூட்டர் அம்மா வேறு பின்னால் வந்து நிற்பார் என்று நினைத்திருந்தாள். கண்ணைத் திறந்தால் என் மதிப்பெண் போய்விடுமே.

பெண்கள் நான்கு பேர் அவளைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவள் தலை என் மடியில். கால்மாட்டில் ஆயாம்மா. முன்னால் தோட்டத்துக்காரர், அவரே ஓட்டினார். கார் கிளம்பும்போது பிள்ளைகள் வரிசையாக நின்று டாட்டா காட்டினார்கள். நான் போகும் அவசரத்தில் செல்வியை வகுப்புக்குப் பொறுப்பாக விட்டுவிட்டுப் போனேன். அது ஒன்றுதான் அன்று நான் எடுத்த நல்ல முடிவு.

வழியில் மறுபடியும் முயன்றேன். "ஏனுங்க, காரைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு விசயம் சொல்லோணும்."

"ஆஸ்பத்திரி போயிச் சொல்லுங்க அம்மணி. இப்ப நிறுத்தறதுக்கு நேரமில்லீங்க." காரை இன்னும் வேகமாக விட்டார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருசம் எங்க தோட்டத்துல வேல செஞ்ச ஒருத்தன். மந்திரிக்கக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தகவல் வந்து நான் காரை எடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. கார் சும்மா ஷெட்டுலதான் நின்னுட்டு இருந்துச்சு."

ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்ற அக்கா மகனுங்க அவன்" என்றார் என்னிடம்.

இதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன், மடியில் கிடப்பவள் நடிக்கிறாள் என்று? சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் இந்தத் தடவையாவது நேரத்துக்குக் கொண்டுசேர்த்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன்; திறந்தபடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், கஷ்டமான வார்த்தையை அடுத்த நிறுத்தத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தாராபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் ஸ்ட்ரெச்சர் வந்தது. எங்களுக்குப் பின்னாலேயே ஒரு டிராக்டரில் ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். டாக்டர் இளைஞர், அன்றைக்கு அவர் ஒருவர்தான் டூட்டியில் இருந்தார் போலிருக்கிறது. சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து, "என்ன பாம்பு? யாராவது பார்த்தீங்களா?" என்றார்.

"நாகமுங்க" என்றார் ஒருவர்.

"விரியனாட்டத் தெரியுதுங்க" என்றார் இன்னொருவர்.

"நான் பாத்தனுங்க டாக்டர். நெம்ப நீளமுங்க. சோளக்காட்டுக்குள்ள போயிருச்சுங்க" என்றார் ஆயாம்மா. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்நேரம் அவர் மனது அந்தப் பாம்பைப் பார்த்துத்தான் இருக்கும்.

"பாம்பே இல்லீங்க டாக்டர்" என்றேன் நான். பக்கத்தில் நின்ற பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அதிர்ச்சிங்க, பாவம்" என்று டாக்டரிடம் விளக்கினாள்.

டாக்டர் எஸ்தரின் நாடியைப் பிடித்தார். கிள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தார். எஸ்தர் விழியை மேலே உருட்டி வைத்திருந்தாள். நாடி நன்றாக இருப்பது அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு ஊரே வந்து நின்று சாட்சி சொல்லும்போது, காலில் இரண்டு புள்ளியும் இருக்கும்போது, அவர் காத்திருந்து பார்க்க விரும்பவில்லை. அது தப்பும் இல்லை. "விஷமுறிவு மருந்தை எடுங்க சிஸ்டர், டிரிப்புல போட்டுடலாம்" என்றார்.

டிரேயில் மருந்துக் குப்பிகள் வந்தன. அந்த மருந்து உயிரைக் காப்பாற்றுகிற மருந்து. ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைத்துவிடும். நானே ஒரு ராத்திரி அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் வீங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எஸ்தரைப் பார்த்தேன். கை நீட்டி, விழி மூடி, எனக்காகக் கிடந்தாள். ஊசி குத்தினாலும் அசைய மாட்டாள்.

எனக்குக் குரல் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் கை இருந்தது. டிரேயில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தது. எடுத்தேன். சிஸ்டர், "ஏம்மா, என்ன பண்றீங்க?" என்று தடுப்பதற்குள் எஸ்தரின் கணுக்காலை அழுத்தித் துடைத்தேன். ஒரு தடவை, இன்னொரு தடவை. பஞ்சு சிவப்பானது. கால் வெறும் காலானது. பஞ்சை டாக்டர் முன்னால் நீட்டினேன்.

டாக்டர் பஞ்சை வாங்கிப் பார்த்தார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"சிவப்பு மசிங்க."

அப்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து, எஸ்தர் கேட்டாள்: "முடிஞ்சுதாடி?"

இரண்டு பெண்கள் அலறினார்கள். ஆயாம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் எழுந்து உட்கார்ந்து, டாக்டரை, சிஸ்டரை, குப்பிகளை, டிராக்டர் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இத்தன பேரையும் நீதான் ஏற்பாடு பண்ணுனியா?" என்றாள். காரில் பேசிய மனிதர் அற்புதமாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தாளாம்.

டாக்டர் நல்ல மனிதர். திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினார். அதற்கு மேல் திட்டவில்லை. வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள். "எல்லாரும் வராந்தாவுக்குப் போங்க" என்றார். போனோம்.

வராந்தாவில் தோட்டத்துக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி. அப்ப பாம்பு?"

"இல்லீங்க."

"கடி?"

"இல்லீங்க."

"அந்தப் புள்ள மயங்குனது?"

"நடிப்புங்க."

"நடிப்பு நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார் எஸ்தரிடம். எஸ்தர் கும்பிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க கார்லயே சொல்லலாமுன்னு பாத்தீங்க, நான்தான் சொல்ல உடல. சரி, போச்சாது. இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்துபோட்டம். டிராக்டர் வேற வந்திருக்குது. அந்தப் பாடத்த எங்களுக்கும் சொல்லிப்போடுங்க. புள்ளைங்க பாதிதான் சொல்லுச்சுங்க. கட்டுப் போடலாமா, கூடாதா? தண்ணி குடுக்கலாமா? அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்த ஆயாம்மா முடிக்கவில்லை.

நான் சொன்னேன். கோரஸ் இல்லை, கேள்வி இல்லை. வராந்தாவில் தரையில் உட்கார்ந்தவர்களுக்கு, களை வெட்டிய கையோடு வந்தவர்களுக்கு, ஆயாம்மாவுக்கு. காதருகே பேசுவது மாதிரிதான் பேசினேன். அவர்கள் எட்ட உட்காரவில்லை. கேட்பதற்காகக் கிட்டக் கிட்ட நகர்ந்து வந்தார்கள். மந்திரிக்கிற ஆளைச் சொன்ன கிழவர் முன்னால் வந்து உட்கார்ந்து, கட்டுப் போடுவதைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன்.

பாதியில் ஒரு தேங்காய் டெம்போ வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து டியூட்டர் அம்மா இறங்கினார். அடுத்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் இறங்கியவரிடம், "நர்ஸ் அக்காவப் பாம்பு கடிச்சுருச்சுங்க, தூக்கீட்டுத்தான் போனாங்க, நடக்க வெக்கலீங்க" என்று என் வகுப்பு கோரஸாகச் சொல்லியிருக்கிறது. கிடைத்த வண்டியில் ஏறி வந்துவிட்டார். தலை கலைந்திருந்தது. மூக்குக் கண்ணாடி கையில் இருந்தது. எஸ்தர் ஒரு தூணில் சாய்ந்து யாரோ கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் டியூட்டர் அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். அவர் கையைக் காட்டினார், நடத்து என்று. நடத்தினேன்.

பிள்ளைகளைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது பஸ்ஸில் டியூட்டர் அம்மா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என் மதிப்பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். என் மகள் பகலில் விழித்திருக்கும் அம்மாவைப் பார்ப்பாளா என்பது அவர் மடியில் இருந்த பையில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

வெகு தூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பாடம் எதுக்கு? பாம்பு கடிச்சா ஊர் என்ன பண்ணணுமோ அதப் பண்ணணும், அதுக்குத்தான். பண்ணுச்சா? பண்ணுச்சு. கீறல, உறிஞ்சல, நடக்க வைக்கல, நேரா ஆஸ்பத்திரி. இதுக்கு மேல நான் எதப் பார்த்து மார்க் போடறது?" அதோடு, "பாம்பு இல்லாததுக்குத்தான் மார்க்கக் குறைக்கணும்" என்றார். அப்போது அவர் உதடு ஒரு பக்கம் போனது. அது சிரிப்பா என்று எஸ்தரும் நானும் ராத்திரி முழுக்க விவாதித்தோம். முடிவுக்கு வரவில்லை.

எனக்கு மதிப்பெண் குறைந்தது. ஆனால் தேறிவிட்டேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்லுவார்கள். என் அனுபவத்தில் அவர்கள் கேட்பார்கள், கேட்டதை உடனே செய்தும்விடுவார்கள். அதனால் "யாரைக் கூப்பிட வேண்டும்" என்று கேட்பதற்கு முன்னால், கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குரல் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், கையில் இருப்பதை எடுங்கள். சொல்ல வேண்டியது கஷ்டமான விஷயமானால் கார் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் அதே பள்ளிக்கு வேறு இரண்டு பேரை அனுப்பினார்கள். பாடம், பல் துலக்குவது. ஹெட் மாஸ்டர் எங்கும் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாராம்.